செஞ்சிக் கோட்டையில் ஒரு பகல்

எங்கள் கம்மாபுரம் வட்டாரத்தில் மலை கிடையாது. எத்திசை நோக்கினும் நெல்லும் கரும்பும் விளையும் சமதரைதான். நெய்வேலித் திசையில் அடிவானத்தையொட்டி நீண்டு கிடக்கும் மண்மேடு ஒன்றையே எங்கள் சிறுவர்கள் மலையென்று அழைக்கின்றனர். அது பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அதன்மேல் கிடந்த மண்ணை வெட்டிக் கொட்டிய மேடு. 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் தொடங்கிவைத்த சுரங்க வேலை, பின்னர் இரண்டாகி, மூன்றாகி விரிந்தது. மேடுகளும் அவ்வாறே வளர்ந்தன. மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அவை உண்மையிலேயே மலைகளைப் போல நீலநிறம் காட்டுவதும் உண்டு.

மெய்யான மலையொன்றைக் காண வேண்டும் என்று பங்கின் இளைஞர் இயக்கத்தார் நெடுநாளாகக் கேட்டுக் கொண்டிருந்தனர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற செய்தி நாளேடுகளில் வந்ததும் அவர்களுடைய ஆவல் இருமடங்காயிற்று. பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வைகறைத் திருப்பலி முடித்து, வாடகைப் பேருந்து ஒன்றில் புறப்பட்டோம். இளைஞர்கள் முப்பதுபேர், உபதேசியார், மரியாயின் சேனையைச் சேர்ந்த தாய்மார் நால்வர், இவர்களோடு எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். பெரியவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மலை ஏற முடியுமா பெரியவரே?" என்று கேட்டதற்கு, "சாமி ஏறினா நானும் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். விழுப்புரத்தைத் தாண்டி வடமேற்கே செல்லச் செல்ல நிலத்தின் தோற்றம் மாறத் தொடங்கிற்று. வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பாறைகள் தலைகாட்டின. பின்னர், யாரோ ஓர் அரக்கன் உருண்டைக் கற்களைப் பொறுக்கிக் குவித்துவைத்தாற்போன்ற குன்றுகள் எதிர்ப்பட்டன. ஒரு பாறைமேல் மற்றொன்று விழும் விழும் என்று நிற்கிறது; ஆனால் விழுவதில்லை. சமதரைப் பிள்ளைகள் பேருந்தின் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்று பார்த்தனர்.

செஞ்சிப் பேரூரைக் கடந்து திருவண்ணாமலைச் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் சாலையே கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு உட்புகுகிறது. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதில் அது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். மதிலுக்கு வெளியே அகழி. வடக்கில் வேலூர் வாயில், கிழக்கில் புதுச்சேரி வாயில். இம்மலைகளை முதலில் அரண் செய்தவர் ஆனந்தக் கோன் என்னும் இடையர் தலைவர் என்றும், அவர் மகன் கிருஷ்ணக் கோன் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பின்னர் விஜயநகரப் பேரரசின்கீழ் ஆண்ட நாயக்கர்களின் தலைநகராகச் செஞ்சி உயர்ந்தது. இன்று நாம் காணும் கட்டடங்களிற் பெரும்பாலானவை அந்நாயக்கர் காலத்தில் எழுந்தவையே. யுனெஸ்கோ நிறுவனமோ மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் பெயரில் 12 கோட்டைகளைச் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சியையும் அதில் இணைத்தது. கட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர்! உலகில் இது புதிதன்று. கோட்டைக்குப் பெருமை வந்ததே என்று மகிழலாம்.

ராஜகிரியின் அடிவாரத்தில் உள்ள கீழ்க்கோட்டையே அரண்மனைப் பகுதி. நுழைந்தவுடன் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். நாற்புறமும் வளைவுகள் கொண்ட தாழ்வாரங்களும் அறைகளும் சூழ்ந்த சதுர முற்றம். நடுவே எட்டு அடுக்குகளாக உயர்ந்து, உச்சியில் கூம்பு வடிவக் கூரையோடு நிற்கும் கோபுர மாளிகை. அரச குடும்பத்துப் பெண்கள் தங்கிய இடம் என்பர். மதிலுக்கு அப்பாலுள்ள நீர்நிலையிலிருந்து சுட்டமண் குழாய்கள் வழியே மேல்மாடங்கள் வரை தண்ணீர் ஏறியதாம். எங்கள் இளைஞருள் குழாய் வேலை தெரிந்த ஒருவன் சுவரருகே நெடுநேரம் நின்று, மோட்டார் இல்லாமல் தண்ணீர் எவ்வாறு ஏறியிருக்கும் என்று ஆராய்ந்தான். நீர்நிலை உயரத்தில் இருந்தால் குழாயில் நீர் தானே அந்த உயரம் வரை ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அவனே நினைவுகூர்ந்து மகிழ்ந்தான். சுவரெங்கும் காதலர் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கின்றனர். நாயக்கர் பெயரைத் தேடினால் அகப்படாது. இவர்கள் பெயர்கள் அகப்படும்.

அருகே ஆனைக்குளம். அதனையடுத்து வரிசை வரிசையாகக் குதிரை லாயம் என்றும் வீரர் விடுதி என்றும் சொல்லப்படும் சிற்றறைகள். அரண்மனை நின்ற இடத்தைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து அடித்தளத்தை வெளிப்படுத்தியுள்ளனர். சுவர்கள் போய்விட்டன, எந்த அறைக்கு அடுத்து எந்த அறை என்பதைத் தரையிலுள்ள கல்வரிசையைக் கொண்டு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தானியக் களஞ்சியம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கனத்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே குளுமையான இருள். அதற்குள் சென்று நின்றபோது, முற்றுகைக் காலத்தில் அரசனுடைய உயிர் அவன் வாளில் இருந்ததைவிட இந்த இருட்டறையில்தான் இருந்திருக்கும் என்று தோன்றிற்று. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் இக்கோட்டையை முற்றுகையிட்டும், 1698இல்தான் கைப்பற்ற முடிந்தது. உள்ளே இருந்த சிவாஜியின் மைந்தர் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! அத்தனை நாள் உண்ட சோற்றை விளைவித்தவர் யார் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.

வேங்கடரமணர் ஆலயத்தையும் பார்த்தோம். கோபுரமும் மண்டபமும் சிறப்பானவை. இங்கிருந்த அழகிய தூண்கள் பல பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பர். புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியைச் சேர்ந்தவையே என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அச்சிலையடியில் அமர்ந்து எத்தனையோ முறை கடற்காற்று வாங்கியிருக்கிறேன். தூண்களை அண்ணாந்து பார்த்ததில்லை. கோட்டைக்குள்ளேயே சாதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலும் இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1714இல், இதே நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர்தான் தேஜ் சிங் என்னும் தேசிங்கு ராஜன். இருபதை ஒட்டிய வயது. அவரோடு உயிர்விட்ட நண்பன் மகமத் கான் ஓர் இசுலாமியன். தன் திருமணப் பந்தலை விட்டு எழுந்து வந்தான் என்று தெருக்கூத்தில் பாடுவர். எங்கள் தாய்மாருக்கு அக்கதை மனப்பாடம். நீலவேணிக் குதிரையைப் பற்றி அவர்கள் இளைஞர்களுக்குச் சொன்னதைக் கேட்டபோது, வழிகாட்டி ஒருவரை அமர்த்தாதது நல்லதாயிற்று என்று எண்ணினேன்.

களஞ்சியத்தின் நிழலில் அமர்ந்து காலை உணவை முடித்தோம். (கட்டுச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது இங்கு ஆகாது. உபதேசியாரின் புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கொன்று அவர் செபம் சொல்லி முடிப்பதற்குள் கொண்டுபோய்விட்டது.) அப்போதுதான் பெரியவர் கேட்டார்:

"சாமி, ராசா வூடு இருக்குது. யானை குளிச்ச குளம் இருக்குது. குதிரை கட்டின எடம்கூட இருக்குது. குடிசனம் இருந்த வூடு எங்க?"

நான் சற்றுத் திகைத்தேன். இவ்வளவு பெரிய கோட்டைக்கு ஊர் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? இருந்தது. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாட்களில் கேட்ட செய்தியொன்று நினைவுக்கு வந்தது. 1597ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் போர்த்துகீசிய சேசுசபைக் குரு செஞ்சிக்கு வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலெல்லாம் இதுவே மிகப் பெரிது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டு நகர் எதுவும் இதற்கு நிகராகாது என்றும் அவர் எழுதினார். நாயக்கர் குருக்களை அன்புடன் வரவேற்றதோடு, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் தாம் புதிதாக அமைத்த கிருஷ்ணப்பட்டினத்தில் ஆலயம் கட்டிக்கொள்ளவும் இசைந்தார். அந்த வெள்ளாறுதான் எங்கள் ஊருக்குத் தெற்கே ஓடி, பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. செஞ்சிக்கும் எங்களுக்கும் இப்படி ஓர் உறவு உண்டென்பதை அன்றுதான் என் பங்கு மக்களிடம் முதன்முதலாகச் சொன்னேன்.

"அவ்ளோ பெரிய ஊரா?" என்றார் பெரியவர். சுற்றுமுற்றும் பார்த்தார். மதிலுக்கு உள்ளும் புறமும் முள்மரமும் பாறையும், தொலைவில் நெல்லும் மணிலாப் பயிரும். மண்சுவரும் கீற்றும் எத்தனை மழைக்குத் தாங்கும்? கல்லால் கட்ட உரிமையும் வசதியும் பெற்றவர்களின் வீடே கல்லாக நிற்கிறது. அந்தக் கல்லை உடைத்துச் சுமந்தவர்களின் வீடு கரைந்துவிட்டது. இதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ராஜகிரி ஏறினோம். உயரம் ஏறத்தாழ 800 அடிதான். ஆனாலும் படிகள் செங்குத்தானவை. வெயிலுக்கு முன்பே ஏறத் தொடங்குவது நலம். தண்ணீரை அவரவரே சுமந்து செல்ல வேண்டும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கேயே என் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பெரியவரோ வரப்பில் நடப்பவர்போல ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். வாயில் மேல் வாயிலாகக் கடந்து, உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் மரப்பாலம். முற்காலத்தில் பகைவர் வந்தால் இதனை இழுத்துவிடுவார்களாம். பின்னர் எஞ்சிய சிலரே உச்சியைக் காத்துவிடலாம்.

1677இல் சிவாஜி மன்னர் பீஜப்பூராரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றி, புதிய மதில்களும் அகழிகளும் அமைத்தார். அவ்வேலைகள் ஐரோப்பியரும் குறைசொல்ல முடியாத செப்பத்துடன் இருந்தன என்று அக்காலத்துச் சேசுசபைக் குருக்களின் கடிதம் பாராட்டுகிறது. இத்தனை அரணும் வீழாமல் காத்ததா என்றால் இல்லை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஓர் இரவுக்குள் பிடித்துவிட்டது. பிடித்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. காய்ச்சல் கண்டு பலர் மாண்டனர். 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஐதர் அலி. அதன்பின் எவருக்கும் இக்கோட்டை தேவைப்படவில்லை. வெளவாலும் குரங்கும் வந்து குடியேறின.

உச்சியில் ரங்கநாதர் கோயில், கருவூலம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. காற்று பலமாக வீசிற்று. கீழே கல்யாண மகால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தது. இளைஞர்கள் படம் எடுக்கப் போய்விட்டனர். நானும் பெரியவரும் மண்டபத்து நிழலில் அமர்ந்தோம். அவர் கீழேயுள்ள வெற்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊராவது பூமிக்குள்ள போச்சு. இது எங்க போச்சு சாமி?"

அவர் பிறந்த சிற்றூர் இப்போது இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பணமும் வேறிடத்தில் மனையும் கிடைத்தன; மகனுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஊர் இருந்த இடம் முதலில் பள்ளமாயிற்று. கரி எடுத்தபின் பள்ளம் மண்ணால் நிரப்பப்பட்டு, இன்று அதன்மேல் மரக்கன்றுகள் வளர்கின்றன. தம் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று அவராலேயே காட்ட இயலாது. அங்கே இடிந்த சுவர்கூடக் கிடையாது. ஆகையால் பார்வையாளரும் கிடையாது.

நான் இப்பங்குக்கு வந்த முதல் ஆண்டு, நவம்பர் 2ஆம் நாள், சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துக்கொண்டு வந்தேன். குடும்பத்தார் அவரவர் கல்லறைகளில் பூவிட்டு மெழுகுதிரி ஏற்றி நின்றனர். இவர் மட்டும் வேலியோரம் கையில் மெழுகுதிரியோடு நின்றார். யாருடைய கல்லறை என்று கேட்டேன். "அப்பா, அம்மா, மூத்த பிள்ளை மூணு பேரும் பழைய ஊருல சாமி. கொளுத்த எடம் இல்ல" என்றார். எனக்கு அவசரம், அடுத்த கிராமத்தில் மக்கள் காத்திருந்தனர். "மண் எங்கே இருந்தால் என்ன பெரியவரே, ஆன்மா இறைவனிடத்தில் இருக்கிறது. பெரிய சிலுவையடியில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் சொன்னது வேதசாத்திரத்தின்படி பிழையற்றது. அதைச் சொன்ன விதத்தை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது ராஜகிரி உச்சியில் தெரிந்தது.

"சாமி அன்னிக்கு மண்ணு எங்க இருந்தா என்னன்னு சொன்னீங்க. சரிதான். ஆனா இந்த ராசாங்க மண்ணைப் பார்க்க நாம பஸ்ஸு வச்சு வந்திருக்கிறோமே?"

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடியும் ஏதேனும் பிழையற்ற ஒன்றையே சொல்லியிருப்பேன். "அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, பெரியவரே" என்று மட்டும் பிறகு சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும் சாமி, இறங்குறப்ப பார்த்து இறங்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரி ஏற நேரமில்லை. அங்கும் களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் தேக்கி வைத்த கிணறுகளும், காற்று வாங்கும் மண்டபமும் உண்டு. செல்வோர் இரண்டு நாளாகச் செல்வது சிறப்பு. செட்டிகுளத்தை மட்டும் போகிற வழியில் பார்த்தோம். தேசிங்கு ராஜனை அங்கேதான் எரியூட்டினார்கள் என்றும், அவன் இளம் மனைவியும் உடன் தீப்பாய்ந்தாள் என்றும் சொல்லப்படுகிறது. தாய்மார் சற்று நேரம் கரையில் பேசாமல் நின்றனர். மாலை வெயிலில் மூன்று மலைகளும் செந்நிறம் பூண்டிருந்தன. பேருந்தில் இளைஞர்கள் பாட, பெரியவர் உறங்கிப்போனார்.

அடுத்த வாரம், அவருடைய பழைய ஊர் ஒருகாலத்தில் சார்ந்திருந்த தாய்ப்பங்குக்குச் சென்று, அங்குள்ள குருவின் அனுமதியோடு பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினேன். பெரியவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். சில ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது, மை மங்கியிருந்தது. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், பிறகு ஊர். அந்த ஊர் என்னும் பத்தியில், இன்று எந்த வரைபடத்திலும் காண முடியாத அப்பெயர், பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. குருக்கள் மாறினார்கள், கையெழுத்து மாறிற்று, ஊர்ப்பெயர் மாறவில்லை. பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். நான் வாசித்தேன், அவர் ஒவ்வொரு பெயருக்கும் வீடு சொன்னார். இவர் குளத்தங்கரை வீடு. இவர் கோயிலுக்கு எதிர்வீடு, கூத்துக்கு மத்தளம் அடிப்பார். இந்தப் பிள்ளை தங்கவில்லை. இந்த ஞானத்தாய் எங்கள் பெரியம்மா.

அவர் தகப்பனாரின் பதிவு வந்தபோது இருவரும் சற்று நிறுத்தினோம்.

இறந்தோர் பதிவேட்டையும் அதன்பின் எடுத்தோம். பழைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டோர் என்று அன்று மாலைக்குள் நூற்றுப்பன்னிரண்டு பெயர்களைப் படியெடுக்க முடிந்தது. இன்னும் இரண்டு ஏடுகள் பாக்கி. இளைஞர் இயக்கத்தார் அவற்றைச் சனிக்கிழமைகளில் எழுதி முடிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றனர். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம், அன்று அவர் நின்ற இடத்திலேயே, கருங்கல் பலகை ஒன்று நிறுத்த மேலிடத்தில் அனுமதி கேட்டு எழுதியுள்ளேன். கல் எங்கிருந்து வாங்குவது என்ற பேச்சு வந்தபோது, செஞ்சிப் பக்கத்துக் கல்லே நல்ல கல் என்றார் பெரியவர்.